கட்டிலோடு பற்றவைத்த தொட்டில்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அம்மையார் அவர்களே! கோடு கிழிக்கும் கலையைக் கை பிடித்துக் கற்பித்த பெரியோர்களே! நாளைய நகரங்களை வரையப்போகும் மாணவ மணிகளே! மடி நிறையப் பெற்ற தாய்மார்களே, பெற்றும் மடி நிறையாத தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இந்த மருத்துவமனைக்கு நான் வடிவமைத்த மகப்பேற்றுக் கூடத்துக்காக இன்று விருது தருகிறீர்கள். மகிழ வேண்டிய மேடை. நான் வருந்த வந்திருக்கிறேன்.

அப்போது நான் அமைப்பியல் பித்தன். அமைப்பியல் என்ன சொல்கிறது? எதற்கும் தனியே பொருளில்லை, பக்கத்தில் இருப்பதோடு கொண்ட உறவில்தான் பொருள் பிறக்கிறது என்கிறது. பச்சை விளக்கு இல்லாவிட்டால் சிவப்பு விளக்குக்கு ஏது அர்த்தம்? வெளியே என்று ஒன்று இல்லாமல் உள்ளே ஏது? முன்வரிசையில் ஐயா ஒருவர் கொட்டாவி விடுகிறார். தாராளமாக விடுங்கள் ஐயா, என் மனைவியும் சரியாக இந்த இடத்தில்தான் விடுவாள்!

அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைந்தேன். பேற்றுக்கு முன் ஒரு கூடம், பேற்றுக்குப் பின் ஒரு கூடம். பின்கூடத்தில் முப்பத்தெட்டுக் கட்டில்கள். கட்டிலுக்கு ஒரு தொட்டில். சொல்லும் பொருளும்போலத் தாயும் சேயும் பிரியலாகாது என்று வசனம் வேறு பேசினேன்.

வெல்டர் கேட்டார்: "சார், தொட்டிலுக்கு போல்ட் வெச்சிடட்டுமா? தேவைப்பட்டா கழட்டிக்கலாம்."

"கழட்ட என்ன தேவை வரப்போகுது? பத்த வெச்சிடுங்க."

மூத்த தாதி ஒருவர் கேட்டார்: "குழந்தை தங்காம போனவங்க எங்க சார் படுப்பாங்க?"

"பிரசவம் முடிஞ்சவங்க எல்லாரும் ஒரே வகைதாம்மா."

வகை! எத்தனை வசதியான சொல்! எத்தனை வன்மையான சொல்!

எனக்கு ஒரே தங்கை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். தொலைபேசியை எடுத்தால் நம் காது சூடாகும் வரை வைக்கமாட்டாள். கூடம் திறந்த இரண்டாம் ஆண்டு, "எங்கண்ணன் கட்டின ஆஸ்பத்திரி" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு இங்கேயே வந்து சேர்ந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

மறுநாள் காலை போனேன். பதினேழாம் கட்டில். சுற்றிலும் முப்பத்தேழு தொட்டில்களில் சிணுங்கலும் சிரிப்பும். அவள் தொட்டிலில் மடிப்புக் கலையாத விரிப்பு. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கலாமே என்கிறீர்களா? திறந்தவெளி வேண்டும் என்று தடுப்புச் சுவர்களை எடுத்ததே நான்தான் அம்மா!

"அண்ணா, இதை மட்டும் கழட்டச் சொல்லுண்ணா."

கட்டிலடியில் குனிந்து தடவினேன். கம்பியோடு கம்பி கலந்து இறுகியிருந்தது.

"முடியாதும்மா."

"நீதானே கட்டின?"

ஒரு போர்வையை இழுத்துத் தொட்டிலை மூடினேன். மூடியதும் உள்ளே யாரோ உறங்குவதுபோல் இருந்தது. அவள் பார்த்தாள். பதறிப்போய் உருவி எடுத்தேன். அந்தப் பார்வையை மறக்க எனக்கு இன்னொரு பிறவி வேண்டும்.

அந்த மூத்த தாதிதான் வந்தார். துணி அடுக்கும் அறையை ஒழித்து, "இங்க வந்து படும்மா, ஜன்னல் இருக்கு" என்று கைத்தாங்கலாக அழைத்துப்போனார்.

தோற்றப்பாட்டியல் என்று ஒரு படிப்பு உண்டு. பெயர் பல்லை உடைக்கும், பொருள் எளிது. உலகை மேலிருந்து பார்க்காதே, அதில் வாழும் உடம்புக்கு அது எப்படித் தோன்றுகிறது என்று பார் என்கிறது. இதெல்லாம் நடந்த பிறகுதான் தேடிப் படித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

அமைப்பியல் பொய்யா? இல்லை. அந்த வெறுந்தொட்டில் ஏன் அப்படிச் சுட்டது? மற்ற முப்பத்தேழும் நிறைந்திருந்ததால்! கோட்பாடு பிசகாமல் வேலை செய்தது. அந்தப் பொருளைச் சுமந்து படுத்திருப்பவள் யார் என்றுதான் நான் கேட்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்து அவளுக்கு மகன் பிறந்தான். வேறு ஊரில், வேறு மருத்துவமனையில். பெற்று வீடு திரும்பிய பின்தான் எனக்குத் தகவல் வந்தது. இன்றும் பேசுகிறாள். "சாப்பிட்டியா? உடம்பப் பாத்துக்க." அவ்வளவுதான். வாயாடி என்று இப்போது யாரும் அவளை அழைப்பதில்லை. இந்த மருத்துவமனைக்கு மூன்று முறை எழுதினேன். அமைப்பு அழகாக இருக்கிறது, மாற்ற வேண்டியதில்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது.

அம்மையாரே, நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்றவர். இந்த விருது எனக்கு வேண்டாம். அந்தத் தொட்டில்களை அறுத்தெடுக்க அனுமதி தாருங்கள். சக்கரம் வைத்துத் தருகிறேன். வேண்டுகிற தாயிடம் வரட்டும், வேண்டாதபோது விலகட்டும். துணி அறையைக் குழந்தை தங்காத தாய்மார்களுக்கென்றே ஒதுக்குங்கள்.

கைதட்டாதீர்கள், பொறுங்கள், அம்மையார் இன்னும் பதில் சொல்லவில்லை... தலையசைக்கிறார். நன்றி அம்மா, நன்றி!

மாணவர்களே, கட்டில் வரைந்தால் ஒரு பகல் அதில் படுத்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்பவரிடம் இரண்டாவது முறையும் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் குழந்தைக்குத் தங்கை பெயர் வைத்திருந்தாளாம். வகை தெரிந்த அண்ணனுக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லை, பதினெட்டு ஆண்டுகளாக. நேற்றுத்தான் கேட்டேன். சொன்னாள். அதை மேடையில் சொல்லும் உரிமை எனக்கில்லை.

பொறுமையோடு செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வருகிறேன், வணக்கம்.