இல்லாத பேங்குக்கு நெட்வொர்க்

ஓசூரில் கிளம்பிய ராயக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும். மகள் கழுத்தில் காலேஜ் அடையாள அட்டை. ஏதோ கம்பெனியில் இன்டர்வியூ முடித்து வருகிறாள். அவள் சொன்ன ஒன்றைக் கேட்டு நான் போனைப் பையில் போட்டேன்.

"ஒரு பேங்குக்கே நெட்வொர்க் போட்டவம்மா நானு."

"எந்த பேங்கு?"

"இல்லாத பேங்கு. லேப்ல எல்லாமே கம்ப்யூட்டர் ஸ்கிரீன்லதான். ரவுட்டர் படத்தை எடுத்து வெச்சு கோடு இழுத்தா, கனெக்சன் ஆயிருச்சுன்னு கோட்டு மேலயே பச்சைப் புள்ளி வந்துரும்."

"மூணு வருசமா ஐ.டி. படிச்சது இதுதானா? செரி, இன்னிக்கு என்னாச்சு?"

"நெஜ ரவுட்டரைக் குடுத்தாங்க. நெட்வொர்க் ஒயரைச் சொருகிட்டு, பச்சை வரும்னு ஒயரையே பாத்துட்டிருந்தேன்."

"வரலியா?"

"நான் கரண்டே குடுக்கலம்மா. ஸ்கிரீன்ல அது எப்பவும் ஆன்லயேதான் இருக்கும்."



"அவங்க என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. திங்கக்கிழமை வான்னாங்க."

"வேலைக்கா, மறுபடி சிரிக்கவா?"

"தெரியலம்மா."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா வேணாம்னு சொல்லிருவாங்களோன்னு கேக்கல."

கெலமங்கலத்தில் தக்காளிக் கூடைகள் ஏறின. இருவரும் கால்களை ஒடுக்கிக்கொண்டார்கள். ராயக்கோட்டையில் இறங்க எழுந்தபோது அம்மா சொன்னார்.

"போ பாப்பா. எதுக்குக் கூப்பிட்டிருந்தாலும், போனதும் மொதல்ல சுவிட்சைப் போடு."