கம்பெனிக்கு ரத்தம்

— வாங்க மாமா. பேப்பரைச் சுருட்டிக்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டீங்க... என்னை அடிக்கவா?

— ஈ அடிக்கக்கூட லாயக்கில்லாத பேப்பர்டா உங்க இங்கிலீஷ் பேப்பர், மச்சான். இந்தா, இந்தப் பெரிய எழுத்தைத் தமிழ்ல சொல்லு.

— அது... 'விபத்துக்கு அப்புறம் உருக்குக் கம்பெனி ரத்தம் சிந்துது'.

— யாரு சிந்துது?

— கம்பெனி. பங்கு விலை இறங்கிடுச்சுல்ல? இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவாங்க. ஒரு உவமை மாதிரி...

— உவமையா! நேத்துக் கிரேன் கொக்கி ஒடிஞ்சு உருக்கு ஊத்துற கொப்பரை விழுந்து, என்கூட வேலை பாக்குற நம்ம சுருட்டையோட இடுப்பு நசுங்குச்சே, அது என்ன உவமை? அவன் ரத்தத்து மேல மணலைக் கொட்டிட்டு அடுத்த ஷிப்டை ஓட்டினானுங்கடா!

— உள்ள இருக்கு மாமா. கடைசிப் பாராவுல. 'ஒரு தொழிலாளிக்குக் காயம்'...

— கம்பெனிக்கு ரத்தம், சுருட்டைக்குக் காயம். நல்லாத்தான் பங்கு பிரிச்சிருக்கீங்க.

— மெதுவா... எல்லாரும் பாக்குறாங்க.

— பாக்கட்டுமே. உன் மருமக இதை எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டுக் கேக்குறா, 'அப்பா, கம்பெனிக்கு எங்க அடிபட்டுது? கட்டுப் போட்டாங்களா?'ன்னு. என்னத்தச் சொல்ல?

— மாமா, அது வணிகப் பக்கம். பங்கு வாங்குறவன் படிக்கிறது. சின்ன இடம், நாலு வார்த்தைதான் அடங்கும். சந்தை விழுந்தா 'ரத்தக்களரி', ஆளைக் குறைச்சா 'கொழுப்பைக் கரைச்சாங்க'... கை தானா எழுதிடும்.

— கொழுப்பா! போன வருஷம் என் தம்பியைத் துரத்தினானுங்களே... வத்தல் மாதிரி இருப்பான், அவனா அந்தக் கம்பெனிக்குக் கொழுப்பு? சரி, இந்தத் தலைப்பை யார்ரா போட்டது?

— தெரியல மாமா. பல பேர் கை படும்... மேல இருக்கிறவங்க மாத்துவாங்க...

— மேல இருக்கிறவங்க! கொக்கி தேஞ்சு கிடக்குன்னு நாங்க கத்தினப்பவும் இதே பேச்சுதான்.

— அதை விடுங்க. ஆஸ்பத்திரி போனீங்களே, சுருட்டை அண்ணன் எப்படி...

— அண்ணனா? இப்ப ஞாபகம் வந்துச்சா? எங்க கல்யாணத்துல உன்னைத் தோள்லயே தூக்கிக்கிட்டுத் திரிஞ்சானே. முதல்ல நீ சொல்லு. யாரு போட்டது?

— அதான் சொன்னேனே மாமா, பல பேர் கை...

— சொல்லுடா.

— நான்தான் மாமா. அடிபட்டது அவர்னு தெரிஞ்சேதான்... தலைப்பு ஜோர்னு ஆசிரியர் தட்டிக் கொடுத்தாரு.

— தெரியும். ராத்திரியே உங்க அக்காவுக்குப் போன் போட்டுப் பீத்திக்கிட்டியாமே. உன் வாயால வரட்டும்னுதான் இவ்வளவு நேரம் நின்னேன். பேனாவை எடு. விடியக்காலையில சுருட்டை செத்துட்டான். சாஞ்சான், அணைஞ்சான்னு ஜோடிக்காத. செத்துட்டான்னே போடு... பெரிய எழுத்துல.