கன்னி வாய்க்காலில் தவிடு தெளித்த விவரம்

15.10.1970 அன்று மாலை நான்கு மணிக்குப் போலீஸ் நிலையத்திற்குத் தானாக வந்து சொன்னதை எழுதியது:

என் பெயர் வீரையன். தகப்பனார் காலஞ்சென்ற நல்லக்கண்ணு. வயது நாற்பத்தாறு இருக்கும். தஞ்சாவூர் ஜில்லா, நாகப்பட்டினம் தாலுகா, அரசடிமங்கலம் கீழத்தெருவில் குடியிருக்கிறேன். விவசாயக் கூலி. கையெழுத்துப் போடத் தெரியாது.

கூலி உயர்வு கேட்டு எங்கள் தெருவார் இருபத்து மூன்று நாளாக நடவுக்கு இறங்கவில்லை. அடுப்பு எரிந்தது வயலுக்குப் பாயும் கன்னி வாய்க்காலால்தான். பெண்கள் காலையில் போய் நண்டு, நத்தை, குரவை மீன், ஆரைக்கீரை என்று கிடைத்ததைக் கொண்டுவருவார்கள். எல்லாம் நீலாம்பாள் வீட்டு வாசலில் ஒரே பானையில் வேகும். தலைக்கு ஒரு பங்கு, முதல் அகப்பை பிள்ளைத்தாய்ச்சிக்கு. வயிற்றில் குஞ்சு வைத்திருக்கும் நண்டை மட்டும் எடுக்கக் கூடாது, வாய்க்காலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது தெருக் கட்டுப்பாடு. என் மகள் அம்சம் ஏழு மாதம். பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் என்னைக் களத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் குடிசை நிற்கும் மனை பண்ணைக்குச் சொந்தம். "நாளைக்கே ஆளவிட்டுக் குடிசையப் பிரிக்கச் சொல்றேன். புள்ளத்தாச்சிய எங்க வச்சுக்குவ?" என்று கேட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதன் பிறகு அவர் எண்ட்ரின் பூச்சிமருந்து பிசைந்த தவிடு ஒரு கூடை கொடுத்து, நண்டு நாற்றை வெட்டுகிறது, இதை வாய்க்கால் தலைமடையில் தெளித்துவிட்டு வந்தால் குடிசையைத் தொடமாட்டேன் என்றார். நண்டுக்கு என்றால் வரப்பு வளையில்தான் வைப்பார்கள். எங்கள் பானையைக் கவிழ்க்கத்தான் இந்த வேலை என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்துதான் வாங்கினேன்.

பொழுது சாய்கிற நேரம் தலைமடைக்குப் போனேன். கை வரவில்லை. பாதியைத் தெளித்துவிட்டுப் பாதியைத் திடலில் புதைத்தேன். பாதி போட்டால் பாவமும் பாதி என்று நினைத்தேன் போலிருக்கிறது. எப்படியும் விடிவதற்குள் எல்லாம் செத்து மிதக்கும், செத்ததை எங்கள் தெருவில் எவரும் தொடமாட்டார்கள், ஆளுக்கு ஆபத்தில்லை என்று இருந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பண்ணைக்குக் கைக்கூலி ஆனவன் என்று காறித் துப்பியிருப்பார்கள்.

பாதி மருந்தில் விடிவதற்குள் எதுவும் சாகவில்லை. மயங்கிக் கிடந்தன. பெண்கள், "என்னடி இது, தானா வந்து கையில ஏறுது!" என்று சிரித்துக்கொண்டே கூடையை நிரப்பினார்களாம். நான் அந்த நேரம் தெளித்துவிட்டேன் என்று சொல்லக் களத்தில் காரியக்காரருக்காகக் காத்திருந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அம்சத்துக்குக் கைகால் இழுத்துக்கொண்டிருந்தது. கர்ப்பச் சன்னி என்று பேசிக்கொண்டார்கள். அவள் தட்டு கழுவாமல் கிடந்தது, அதில் நண்டு ஓடு இருந்தது. அதன் பிறகு வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நர்சம்மா, "என்னய்யா சாப்பிட்டிச்சு இந்தப் பொண்ணு?" என்று மூன்றாவது தடவை அதட்டின பிறகுதான் சொன்னேன். அதற்குள் தெருவிலிருந்து இன்னும் ஆறு பேரைக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த ஆறு பேரும் பிழைத்தார்கள். அம்சமும் பிழைத்தாள். குழந்தை இறந்து பிறந்தது. ஆண். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, இதுவரையும் வரவில்லை.

இன்று காலை ஊருக்குத் திரும்பி வாய்க்காலைப் பார்த்தேன். தவளை, நீர்க்கோழி, மடையான் கொக்கு, ஒரு சாரைப்பாம்பு எல்லாம் கரையோரம் செத்துக் கிடந்தன. பெண்கள் எடுக்காமல் விட்ட, வயிற்றில் குஞ்சு வைத்திருந்த நண்டுகளும் மல்லாந்து கிடந்தன. அதன் பிறகு தெருவாரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, இனி வாய்க்காலில் எதையும் எடுக்காதீர்கள் என்றேன். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. நீலாம்பாள் மட்டும் கேட்டாள்:

"வீரையண்ணே, வெதநெல்லு போனாக்கூட பக்கத்து ஊருல கேட்டு வாங்கியாரலாம். நத்தையையும் நண்டையும் எங்க போயி கேக்குறது? இனிமே பொறக்குறதுக்கு என்னத்தண்ணே வச்சிருக்க?"

அங்கிருந்து நேராக இங்கே நடந்து வந்தேன்.

யாரும் மிரட்டியோ அடித்தோ இதை நான் சொல்லவில்லை. எழுதியதை ஏட்டய்யா படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நடந்தது இதுதான்.

வீரையன், இடது பெருவிரல் ரேகை.