கெய்லரில் எத்தனை பேர்

— அம்பத்தி நாலு பேர். நான் சொல்றேன் கேளு வெர்னா, கெய்லர்ல அதுக்கு மேல ஒரு தலை கிடையாது.

— சரியாப் போச்சு. சென்சஸ்ல நூத்தி மூணுன்னு வந்திருக்கு. பேப்பரைப் பாரு மனுஷா.

— வாஷிங்டன்ல உக்காந்திருக்கிறவனுக்கு நெப்ராஸ்கா எந்தப் பக்கம்னாவது தெரியுமா? ஊர் போர்டுக்குத் தலைவர் நானா, அவனா? ஓதிலியா, இந்த மேசைக்கு இன்னொரு காப்பி ஊத்தும்மா.

— ஊத்தறேன் ஐயா, தோன் லோவெல். ஆனா சாயங்காலம் கூட்டத்துல அம்பத்தி நாலுன்னு சொல்லி பள்ளிக்கூடத்தை மூடிடாதீங்க. என் மூணு பிள்ளைங்களும் அங்கதானே படிக்குது.

— எனக்கு மட்டும் ஆசையா? ஆளில்லாத ஊருக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? பஸ்ல ஏத்தி பர்விக் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

— பனி கொட்டுற காலத்துல நாப்பது மைலா! ஐயோ தேவமாதாவே, போகையிலும் இருட்டு, வரையிலும் இருட்டு. இந்தப் பள்ளிக்கூடத்தை நம்பித்தானே கடன் வாங்கி இங்க வீடு வாங்கினோம்? குவாத்தமாலாவுல இருந்து இவ்வளவு தூரம் வந்தது பஸ்ல தூங்கவா?

— நீ அழாதே ஓதிலியா. லோவெல், வா, ஒவ்வொரு வீடா எண்ணுவோம். மைன்கே வீட்டுல எத்தனை பேர்?

— யாருமில்லை. ஹெர்பர்ட் மைன்கே செத்து நாலு வருஷம் ஆச்சே.

— தினம் அங்க விளக்கெரியுதே, ஹெர்பர்ட் எந்திரிச்சு வந்துட்டானா?

— அது பால் பண்ணையில வேலை பாக்குறவங்க. ஆறு பேர். இல்லை, ஏழு. போன மாசம்தானே ஒண்ணு பொறந்துச்சு, நீகூடப் போர்வை பின்னிக் குடுத்தியே.

— அவங்களை எண்ணினியா?

— அவங்க வந்தவங்க.

— தானியக் கிடங்குக்குப் பின்னாடி சக்கரம் வெச்ச டிரெய்லர் வீட்டுக்காரங்க?

— வந்தவங்க.

— பந்தெறிஞ்சு நம்ம ஜன்னலை உடைச்ச பையன்?

— அவனா! என்னா கைங்கிறே! அந்தப் பயல் மட்டும் நம்ம பள்ளிக்கூடத்து ஆறு பேர் ஃபுட்பால் டீம்ல பந்தெறிய இறங்கினா, பர்விக் டீம்காரங்க மண்ணைக் கவ்வ வேண்டியதுதான்.

— எந்த டீம்ல? பள்ளிக்கூடத்தைத்தான் மூடறியே. இனி அவன் பர்விக்குக்குத்தான் ஆடுவான்.

— அட, இதை யோசிக்கவே இல்லையே!

— இன்னொண்ணு கேளு. ஊர்ல வீட்டுக்கு வீடு வருமானம் கூடியிருக்காம்.

— புளுகு. என் சோளம் என்ன விலைக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாதா?

— உன்னாலதான் இன்னும் கூடலை. புருஷனும் பொஞ்சாதியும் பண்ணைக்குப் போற வீடுங்கதான் ஊரைத் தூக்கி நிறுத்துது. பத்துல ஆறு பேர் வெள்ளைக்காரங்க, நாலு பேர் ஓதிலியா மாதிரி லத்தீன்காரங்கன்னும் போட்டிருக்கு. அந்த நாலை அப்படியே முழுங்கிட்டியே!

— தோல் நிறத்தை எல்லாம் நான் பாக்கலை! ஓமாஹாவுல இருந்து வந்த பாதிரியார் குடும்பத்தையும்தான் விட்டேன். அவர் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு.

— உன்னைக் கட்டிக்கிட்டு வந்த நானும் பர்விக்ல பொறந்தவதானே? என்னையும் விட்டுட்டியா?

— உன்னை எப்படி விடுவேன்? என் பக்கத்துலயே உனக்கு இடம் வாங்கிப் போட்டிருக்கே!

— என்ன இடம் தோன் லோவெல்?

— கல்லறைத் தோட்டத்துலம்மா. எங்கப்பாவும் அங்க இடம் வாங்கினவங்களைத்தான் எண்ணுவார். உயிரோட இருக்கையிலேயே இடம் வாங்கி, கல்லுல பேர் வெட்டி வெச்சவன் ஊரை விட்டு ஓடமாட்டான். மத்தவங்க வேலை போன மறுநாளே டிரெய்லரை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. எத்தனை பேர் போனதைப் பாத்துட்டேன்! மனசு விட்டுப் போச்சு.

— எங்களை எண்ணாததுக்கு இது ஒண்ணுதான் காரணமா?

— சத்தியமா இது ஒண்ணுதான்.

— வெர்னாக்கா, சொல்லிடவா?

— சொல்லித் தொலை! கல்லறைச் சங்கத்துச் செயலாளரா இருந்துக்கிட்டு ஒரு வாரமா வாயை மூடிக்கிட்டிருக்கேன், நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு.

— தோன் லோவெல், இனி இதுதான் எங்க ஊருன்னு பண்ணைக் குடும்பங்க எல்லாம் சேர்ந்து, கைக்குழந்தை வரைக்கும் கணக்குப் போட்டு, அங்க இடம் வாங்கிட்டோம். உங்களுக்கு இந்தப் பக்கம் வெர்னாக்கா, அந்தப் பக்கம் நான்.