திருப்பத்துக்குத் தொண்ணூத்தேழு

காபி ஆறிடப் போகுது, குடிங்க அருள். நம்ம பழைய ஃபுட்பால் ஆட்டக்காரங்களுக்கெல்லாம் மார்க் போட்டு இன்டர்நெட்ல ஏத்தப் போறீங்களாமே, நல்ல காரியம். "கொளஞ்சியப்பன், இடது விங்கர், ஓய்வு பெற்றவர்"னு எழுதியிருக்கீங்க. இருபத்தோரு வயசுல ரிட்டயர் ஆனவன் இந்தச் சுரங்க டவுன்ஷிப்பிலேயே அவன் ஒருத்தன்தான். அதையும் சேர்த்துப் போடுங்க, பெருமையா இருக்கும்.

வேகம் தொண்ணூத்திநாலு, சரி. கிராஸ் தொண்ணூறு, சரி. நான் அதே டீமுக்கு வலது விங் ஆடினவன், எனக்குத் தெரியாததா. ஆனா திருப்பத்துக்கு ஐம்பத்தஞ்சு போட்டீங்க பாருங்க, அதை என்னால ஒத்துக்க முடியாது. செலக்‌ஷன் ட்ரையல்ல திரும்பத் தெரியாம விழுந்து முட்டியை ஒடைச்சிக்கிட்டான்னு எவனோ சொன்னானாம், நீங்களும் நம்பிட்டீங்க.

முழு வேகத்துல கோட்டோரமா ஓடிப் போய், இடது காலை ஊனி வெடுக்குனு உள்ள திரும்புவான். தடுக்க வந்தவன் கோட்டுக்கு வெளியே போய் நிப்பான். ஒரு தடவைகூட அவனுக்கு அது தப்பினதில்ல. அதை நம்பித்தான் நான் எல்லாமே செஞ்சேன்.

அந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல விங்கருக்கு ஒரே ஒரு பர்மனென்ட் வேலை. எங்கப்பா ரிட்டயர் ஆகப் போறார், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். நாங்க எங்க போவோம், பாவம் இல்லையா. கொளஞ்சிக்கு அந்தக் கவலையே கிடையாது. அவங்க வீட்ல எல்லாரும் காலங்காலமா அடுத்தவன் முந்திரித் தோப்புல கூலி. சுரங்கத்துக்கு நிலம் குடுத்தவங்க வேலை கேக்கவாவது முடிஞ்சுது. இவங்ககிட்ட எடுக்கறதுக்கு நிலமே இல்ல. எவ்வளவு நிம்மதியான மனுஷங்க பாருங்க.

வெறுங்கால்ல ஆடிப் பழகினவன் அவன். ட்ரையலுக்கு பூட்ஸ் கட்டாயம்னுட்டாங்க. அவன்கிட்ட ஏது? நான்தான் குடுத்தேன். மழைக்கு வச்சிருந்த ஜோடி, அடியில நீள நீளமா குமிழ் வச்சது, சேத்துல ஊனினா லேசுல வராது. முதல் நாள் சாயங்காலம், கிரவுண்டுக்குத் தண்ணி விடறவர் டீக்குப் போன நேரம், அவன் திரும்புற இடத்துல குழாயைத் திறந்து ஊற விட்டேன். காலையில பார்த்தா மேலே காய்ஞ்ச மண்ணு, உள்ளே களி. "செலக்டருங்க பாக்கறாங்கடா, வேகத்தைக் குறைச்சிடாதே"ன்னு முதுகுல தட்டியும் அனுப்பினேன். நல்ல வார்த்தைதானே.

ஓடினான், ஊனினான். கால் மண்ணுலயே நின்னுது, ஆள் மட்டும் திரும்பினான். முட்டி ஒடைஞ்ச சத்தம் வலது ஓரத்துல நின்ன எனக்கே கேட்டுச்சு. முதல்ல ஓடிப் போய்த் தூக்கினவன் நான்தான். "பூட்ஸ் போட்டுப் பழக்கமில்லீங்கண்ணே, என் தப்புதான்"னு அழுதுகினே சொன்னான். நான் மறுத்துப் பேசல. வலியில இருக்கறவன்கிட்ட போய் வாதாடுவாங்களா.

வேலை எனக்கு வந்துது. இப்ப அவனும் என் செக்‌ஷன்லதான், கான்ட்ராக்ட்ல, காலை இழுத்து இழுத்துப் பெருக்கறான். நான் சொல்லித்தான் சேர்த்துக்கிட்டாங்க. அன்னிக்குக்கூட சொன்னான்: "அந்த பூட்ஸை இன்னும் வூட்ல வச்சிக்கினு இருக்கேண்ணே. எம் பொண்ணு இசைப்பிரியாகிட்ட, இது சிவக்குமார் அண்ணன் குடுத்ததுன்னு காட்டுவேன்." தங்கமான பையன்.

ஆக, அவனா விழல அருள். நான் விழ வச்சேன். சுமாரா திரும்பறவனா இருந்திருந்தா அன்னிக்கு முட்டி தப்பிச்சிருக்கும்.

என்ன, பேனாவைக் கீழ வச்சிட்டீங்க? எடுங்க. அந்த ஐம்பத்தஞ்சை அடிச்சிட்டுத் தொண்ணூத்தேழு போடுங்க. கொளஞ்சிக்குச் சேர வேண்டியது எதையும் நான் புடுங்கிக்கிட்டேன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லிடக் கூடாது பாருங்க.