தொடக்கூடாத குட்டி

கால் கழுவாமல் யாரையும் நான் கப்பலில் ஏற்றியதில்லை, ஐயா. ஒரு தீவின் மணல் இன்னொரு தீவுக்குப் போகக்கூடாது. கலாபகோஸில் கைடு வேலை என்றால் பாதி நேரம் அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான்.

ரெய்னால்டோ குவயாகில் நகரத்திலிருந்து தனியாக வந்த பயணி. செவிச்சே மீனைத் தின்றால் மிச்ச எலுமிச்சைச் சாற்றைக் கிண்ணத்தோடு உறிஞ்சுவார். விரல்களை ஒவ்வொன்றாக நக்கி, மேசைத்துணியில் துடைப்பார். எனக்குக் குமட்டும். இருந்தாலும் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று எரிமலைப் பாறைத் தீவில் இறங்கினோம். கரையில் ஒரு கடற்சிங்கக் குட்டி தனியாகப் படுத்திருந்தது. அதன் இடது துடுப்பில் ஒரு வெட்டு. மனித வாடை பட்டால் தாய் பால் கொடுக்காது, தொடாதீர்கள் என்று படகிலேயே சொல்லியிருந்தேன். அவர் சன்ஸ்கிரீன் வழியும் கையால் அதன் முகத்தைத் தடவினார். போட்டோவுக்காக அதன் மூக்கைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினார்.

“என்ன நார்சிசா, முறைக்கிற? உங்கப்பன் வீட்டுச் சொத்தா இது?”

தாய் கரையேறி வந்தது, மோந்து பார்த்தது, கடலுக்கே திரும்பிவிட்டது. குட்டியோ ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக்கொண்டே கிடந்தது. சீ, என்ன மனிதன் என்று இருந்தது எனக்கு.

நான் அவரிடம் போனேன். பாறைகளுக்கு அந்தப் பக்கம் இன்னும் நிறையக் குட்டிகள் இருக்கின்றன, அங்கேயே இருங்கள், படகு சுற்றி வந்து ஏற்றிக்கொள்ளும் என்றேன். பல்லைக் காட்டிக்கொண்டு போனார். பிளாஸ்டிக் குப்பை விழக்கூடாதே என்று அவருடைய தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக்கொண்டேன். அந்தத் தீவில் சொட்டு நல்ல தண்ணீர் கிடையாது. அவர் முதல் படகிலேயே போய்விட்டார் என்று கடைசிப் படகை ஓட்டிய கிளேபரிடம் சொன்னேன்.

கப்பலில் ஏறியதும் அவரவர் பெயர் வில்லையைப் பலகையில் திருப்பிப் போட வேண்டும். கேப்டன் தலைகளை எண்ணமாட்டார், பலகையைத்தான் பார்ப்பார். ரெய்னால்டோவின் வில்லையை நான் திருப்பினேன். அவருக்கு வயிறு சரியில்லை, எழுப்பாதீர்கள் என்று சமையல்காரரிடமும் சொல்லிவைத்தேன். மறுநாள் ஆளைக் காணோம் என்றதும் எல்லோரும் கடலில் தேடினார்கள். நானும் தேடினேன்.

இரண்டு வாரம் கழித்து, அடுத்த சுற்றில்தான் மறுபடி அங்கே இறங்கினோம். பாறைப் பக்கமிருந்து நாற்றம் வந்தது. சிவப்பு நண்டுகள் அவரை மொய்த்துக்கொண்டிருந்தன. நான் அவற்றைத் துரத்தவில்லை. தீவில் எந்த உயிரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது விதி.

கரைக்குத் திரும்பினேன். அங்கே ஒரு குட்டி தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. கொழுகொழுவென்று இருந்தது.

“அக்கா, அன்னைக்குக் கத்துன குட்டிதானே இது? இடது துடுப்புல வெட்டைப் பாருங்க” என்றான் கிளேபர்.

மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் அது வேறு குட்டி. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.