எழுந்து குந்தற டெஸ்ட்டு

— அய்யோ முட்டி! உட்டுடு கண்ணு, உள்ளார ஆணி வச்சி அடிக்கற மாரி கீது. என்னால ஆவாது.

— கங்கம்மா, கைய மார்ல கட்டிக்கினு, நாற்காலிய புடிக்காம அஞ்சு தபா எழுந்து குந்தணும். அவ்ளோதான் டெஸ்ட்டு. நீங்க ஒரு தபாகூட எழுந்துக்கல.

— அதான் முடியலன்றேனே பூமிகா சிஸ்டர். எழுதிக்க. கங்கம்மா ஃபெயிலு.

— இருங்கம்மா. வேப்பம்பட்டுல இருந்து ரெண்டு ரயில் மாறி இந்த ட்ரெய்னிங்குக்கு வந்திருக்கேன். வயசானவங்கள எப்டி செக் பண்றதுன்னு உங்கள வச்சிதான் நாங்க பழகிக்கறோம். தப்பா எழுதுனா டாக்டர் என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சி கேப்பாரு.

— இன்னா தப்பு? எடது காலு மரத்துப் போயி கட்டை மாரி கீது. கக்கூசுக்குப் போவணும்னா ஒரு ஆளு தாங்கிப் புடிக்கணும். போறதுக்குள்ளயே... சீ, உடு. அதெல்லாம் உன்கிட்ட இன்னான்னு சொல்றது.

— யாரு தாங்கிப் புடிக்கறது?

— யாரோ. நீ மேல கேளு.

— சாப்பாடு?

— ரெண்டு வாயி. அப்பால செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறது.

— காது கேக்குதா?

— கேக்குது. கேக்காத மாரி இருக்கறதுதான்.

— மனசு? எதுலயாவது ஆச இருக்குதா?

— ஆசயா... முன்னல்லாம் ரேடியோ இல்லாம பொழுது போவாது. இப்ப போட்டா நிறுத்துன்னு கைய காட்றது.

— சரிம்மா. தோ டீ வந்துச்சி, பன்னும் குடுக்கறாங்க. உக்காருங்க, நான் போயி வாங்கிக்கினு... கங்கம்மா! ஏங்க, மெதுவா!

— இந்தா கண்ணு, உனுக்கும் சேத்து வாங்கியாந்துட்டேன். இன்னா அப்டி மொறைக்கற? ... அய்ய.

— கைய ஊணாம எழுந்தீங்க. ஓடுனீங்க.

— பன்னு தீந்து பூடும்னு...

— ரெண்டு கையிலயும் டீ. ஒரு சொட்டு சிந்தல. எடது காலு கட்டையா?

— கத்தாத கண்ணு. அந்த டாக்டர் திரும்பிப் பாக்கறாரு.

— எதுக்கும்மா பொய்யி? எல்லாரும் எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுத சொல்லுவாங்க. நீங்க ஃபெயிலாக்க சொல்லி அடம் புடிக்கறீங்க.

— ஃபெயிலானாதான் ஊட்டுக்கு வந்து பாப்பீங்களாமே. போன மாசம் பழக வந்த விமல்னு ஒரு தம்பி சொல்லிச்சி. அதுகிட்டயும் இப்டிதான் முனகிக் காட்னேன். எழுதிக்கினு பூட்ச்சி. நானும் தெனம் ஊட்ட பெருக்கி வச்சி ரோட்டப் பாத்துக்கினு குந்தியிருந்தேன். வரல.

— வந்துதான் இன்னா பண்றது? உங்களுக்குதான் ஒண்ணும் இல்லியே... பன்ன ஏன் துன்னாம முந்தானையில முடியறீங்க?

— டீயில ஊறப் போட்டா துன்னும். பல்லு இல்ல.

— உங்களுக்குத்தான் பல்லெல்லாம் இருக்குதே. ... கங்கம்மா, இங்க பாருங்க. அந்த முட்டி வலி யாரோடது?

— மோசஸோடது.

— மரத்துப் போன காலு?

— அதுவும்தான். செவுத்தப் பாத்து படுக்கறதும். எல்லாம் அதோடது, நான் கொண்டாந்து உன்கிட்ட காட்னேன், அவ்ளோதான். கும்முடிப்பூண்டி ரோலிங் மில்லுல நெருப்புக் கம்பி இழுத்த ஒடம்பு கண்ணு அது. நான் தேர்வாய் கண்டிகையில கம்பெனி பெருக்கி முடிச்சி வெளிய வந்தா, கேட்டாண்ட சைக்கிள வச்சிக்கினு நிக்கும். பேஜாரு புடிச்ச ஆளு, பெல்லு அடிச்சிக்கினே இருக்கும். மழையில வழுக்கி வுழுந்துச்சி. அதுலேர்ந்து கட்டிலுதான். என் காலு நல்லா கல்லு மாரி கெட்டியா கீது, அத வச்சிக்கினு நான் இன்னா பண்ண? அது ஒரு தபா எழுந்து குந்தி, டீ போடுடின்னு ஒரு அதட்டல் போட்டா போதும். அதக் கேட்டு எவ்ளோ நாளாச்சி.

— இத நேரா சொல்லியிருக்கலாமேம்மா?

— சொன்னேனே. பொங்கல் முடிஞ்சி, ஆஸ்பத்திரில சீட்டு குடுக்கற எடத்துல போயி நின்னேன். ஊட்ல ஒரு ஆளு படுத்த படுக்கையா கீதுன்னேன். உனுக்கு அவரு யாருன்னு கேட்டாங்க. இன்னான்னு சொல்றது? திரும்பி வந்துட்டேன்.

— இதுக்குப் போயா? சரி, மொதல்ல ஒழுங்கா எழுந்து குந்துங்க. நான் உள்ளத எழுதணும்.

— பாத்துக்க. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... தோ, அஞ்சு. போதுமா, இன்னும் குந்தட்டுமா?

— யப்பா, மூச்சுகூட வாங்கல! நீங்க பாஸு. நாளைக்கு எங்களுக்கு ஊடு ஊடா போற வேலதான். டாக்டர்கிட்ட சொல்லி மோசஸ் ஐயாவ பாக்க நானே வரேன்.

— விமலு மாரி சொல்ற.

— நான் வருவேம்மா. ஆனா அவரு உங்களுக்கு யாருன்னு டாக்டரும் கேப்பாரு. உங்க ஊட்டுக்காரர்னு சொல்லிடட்டுமா?

— சொல்லிக்க. ரெண்டு பேருக்கும் தல நரைச்சது ஒரே கூரைக்கு அடியிலதான். சர்ச்சுலயா கோயில்லயான்னு ரெண்டு ஊட்லயும் அப்ப சண்ட. சண்ட போட்டவங்கல்லாம் போயி சேந்துட்டாங்க. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிக்கினே இது மில்லுல ரிட்டயரும் ஆயிடுச்சி. எப்டியாவது அத எழுப்பி நிக்க வச்சிடு கண்ணு. எனுக்கு ஒரு தாலி பாக்கி வச்சிக்கினு கீது.